கம்பம் வரை வந்த வேகம்

மலை ஏறி ஊராட்சி அலுவலகம் வரை வரும் இணையம் வீட்டுத் திண்ணைக்கு வருவதற்குள் எங்கே தொலைகிறது? நெல்லிவாசல்நாட்டை முன்வைத்து ஒரு விசாரணை.

ஜவ்வாதுமலையில் ஊருக்கு ஊர் 'டவர் எடுக்கிற இடம்' என்று ஒன்று உண்டு. ஓர் ஊரில் அது கோயில் மேடு. இன்னோர் ஊரில் புளியமரத்தடி. வேறோர் ஊரில் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டு. பேச வேண்டுமென்றால் அங்கே போய் நிற்க வேண்டும், வீட்டுக்குள் வந்தால் போச்சு. 2020-ல் பள்ளிகளை மூடிவிட்டுப் பாடத்தைச் செல்போனுக்கு மாற்றியபோது, தமிழ்நாட்டின் மலைக் கிராமப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு ஏறி உட்கார்ந்தது இந்த மாதிரி மேடுகளிலும் பாறைகளிலும்தான்.

நெல்லிவாசல்நாடு இந்த மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் இருக்கிறது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று அடுத்தடுத்து மூன்று ஊராட்சிகள். அவற்றுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமை விதைப்பார்கள், புளி உலுக்குவார்கள், பலா விற்பார்கள், தேன் எடுப்பார்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது புதிய திருப்பத்தூர் மாவட்டத்தோடு வந்த பகுதி இது.

பள்ளிகளை மூடிய 2020-ல் இணையம் என்றால் பிள்ளைகளின் பாடம். இன்றைக்கு அது அரிசி, சான்றிதழ், கூலி. ரேஷன் கடைக் கருவியில் விரலை வைத்தால், அது எங்கோ இருக்கும் ஒரு சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் மூட்டையை அவிழ்க்கச் சம்மதிக்கிறது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவைப் படத்தோடு செயலியில் ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. சாதிச் சான்றுக்கு இ-சேவை, உதவித்தொகைக்கு ஆன்லைன் விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓ.டி.பி. "மலையில நெட்டு எதுக்கு?" என்று சமவெளிக்காரர்கள் கேட்ட காலம் மலையேறிவிட்டது.

இதே மலையில்தான் காவலூர் வான் ஆய்வகமும் இருக்கிறது. 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கியில், கோடிக்கணக்கான ஒளியாண்டு கடந்து வந்த வெளிச்சம் விழுகிறது. அடுத்த மேட்டில் நிற்கும் டவரின் சிக்னல் மட்டும் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களில் பாதியை வீட்டுக்காரரே சரி செய்துவிடலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சேதி.

நாலு கட்டம், ஒரே புகார்

"நெட்டு ஸ்லோ" என்று சொல்லும்போது ஏதோ ஒரு கோளாறைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இணையம் நாலு கட்டமாக வருகிறது: அடிவாரத்திலிருந்து மலைக்கு, மலையில் ஒரு மையத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டிக்குள், பெட்டியிலிருந்து கையில் இருக்கும் போனுக்கு. இதில் எந்தக் கட்டத்தில் அடைப்பு என்று பார்க்காமல், 30 எம்பிபிஎஸ் திட்டத்தை 100 ஆக்குகிறோம். அதுவும் சரிவரவில்லை என்றால் கம்பெனியை மாற்றுகிறோம். அடைப்பு நாலாவது கட்டத்தில் இருந்தால் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அதே வண்டி, அதே பஞ்சர்.

முதல் கட்டம் நம் கையில் இல்லை. ஆனாலும் அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஊராட்சி தோறும் கண்ணாடி இழைக் கேபிள் என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. பிற்பாடு அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அதைச் செய்வது டான்ஃபிநெட் என்னும் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம். 12,525 கிராம ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபிபிஎஸ், சுமார் 1,815 கோடி ரூபாய். கேபிளின் பெரும்பகுதி பூமிக்குள் போகவில்லை. மின்வாரியக் கம்பங்களின் மேலேயே போகிறது. காட்டுக்குள் பள்ளம் தோண்ட வனத்துறை அனுமதி வேண்டும், பாறையை உடைக்க வேண்டும் என்ற தொல்லையெல்லாம் இதில் குறைவு. அதற்குப் பதிலாக வேறொரு தொல்லை: ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் மின்கம்பியோடு இணையமும் சேர்ந்து தரைக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமவெளியில் ஊராட்சி என்றால் ஓர் ஊர், அதைச் சுற்றி ஒன்றிரண்டு காலனி. மலையில் அப்படி இல்லை. ஓர் ஊராட்சியின் குக்கிராமங்கள் ஆளுக்கொரு மேட்டில், ஓடைக்கு அப்பாலும் காட்டுக்கு அப்பாலும் சிதறிக் கிடக்கின்றன. 'ஊராட்சிக்குக் கேபிள் வந்துவிட்டது' என்று கோப்பில் எழுதும்போது அது ஊராட்சியின் ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் இரும்பு அலமாரிக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அங்கிருந்து கடைசிக் குக்கிராமம் வரை யார் இழுப்பது? உள்ளூர் கேபிள்காரர் இழுக்க வேண்டும். நாற்பது வீட்டுக்காகப் பல கிலோமீட்டர் இழுத்தால் அவருக்குக் கட்டுப்படியாகுமா? ஆகாது. 1 ஜிபிபிஎஸ் என்ற எண்ணைவிட இந்தக் கேள்விக்குத்தான் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

டவர் விஷயம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது; வேலை பி.எஸ்.என்.எல். தலையில். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான பி.எஸ்.என்.எல். 4ஜி, சுமார் 97,500 டவர்களோடு 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் மலை டவருக்கு ஒரு பலவீனம் உண்டு. டவரிலிருந்து போனுக்குக் காற்றில் வருவது எல்லோருக்கும் தெரியும். டவருக்கே இணையம் பல இடங்களில் காற்றில்தான் வருகிறது, அடிவாரத்து டவர் ஒன்றிலிருந்து மைக்ரோவேவ் தட்டு வழியாக. அந்தத் தட்டு கொண்டுவருவதைத்தான் சுற்றுவட்டாரம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போனில் ஐந்து கோடும் நிறைந்திருந்தும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ நகர மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விடிகாலை ஐந்து மணிக்கு அதே போன், அதே இடம், பறக்கும்.

மூன்று முறை அளந்து பாருங்கள்

கேபிள் இணைப்பு இருக்கும் வீட்டுக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. ஒரு லேப்டாப்பை லேன் ஒயரில் நேராகப் பெட்டியோடு சேர்த்து வேகத்தை அளக்க வேண்டும். அடுத்து, ஒயரை எடுத்துவிட்டு, பெட்டிக்கு அருகிலேயே நின்று வைஃபையில் அளக்க வேண்டும். மூன்றாவதாக, வழக்கமாக உட்காரும் இடத்தில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டிருக்கும் மைஸ்பீடு செயலி இருக்கிறது, வேறு எது கிடைத்தாலும் சரி. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எடுத்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒயரிலேயே வேகம் இல்லை என்றால் கம்பெனிக்காரரைக் கூப்பிடலாம், நியாயம் உங்கள் பக்கம். ஒயரில் இருக்கிறது, பெட்டி அருகில் வைஃபையில் இல்லை என்றால் பெட்டி பழசு. பெட்டி அருகில் இருக்கிறது, அறையில் இல்லை என்றால் குற்றவாளி உங்கள் வீடு.

அளக்கும்போது ஒரு குழப்பம் வரும். திட்டத்தில் சொல்லும் 30 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. டவுன்லோடு ஆகும்போது திரையில் ஓடுவது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 30 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 3.75 எம்பி ஓடினால் அது முழு வேகம். 1 ஜிபி படம் இறங்க நாலரை நிமிடம் ஆகும். "முப்பதுன்னு சொல்லிட்டு மூணுதான் தர்றான்" என்று கேபிள்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஃபைபர் பெட்டியில் பார்க்க வேண்டியது இரண்டு விளக்கு. 'பான்' என்று எழுதியிருப்பது பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். 'லாஸ்' என்பது எரியவே கூடாது. சிவப்பாக மினுக்கினால் வெளிச்சம் வந்து சேரவில்லை. அப்போது வழக்கமாக நடக்கும் உரையாடல் இது:

"அண்ணா, பொட்டியில செவப்பு லைட்டு எரியுதுங்கண்ணா."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரும்மா."

"நாலு வாட்டி பண்ணிட்டேங்க."

நாற்பது முறை செய்தாலும் ஆகாது. சிவப்பு விளக்குக்கும் ஸ்விட்சுக்கும் சம்பந்தமில்லை. வழியில் இழை எங்கோ முறிந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. முதலில் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் அந்த மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஒயர், கட்டில் காலுக்கு அடியில் நசுங்கியிருக்கலாம்; மிச்சம் அழகாக இருக்கட்டும் என்று இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கலாம். உள்ளே இருப்பது முடி கனத்துக் கண்ணாடி. கூர்மையாக மடக்கினால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். ஒயரைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்க மட்டும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

விளக்கு பச்சைதான், ஆனாலும் மழை வந்தால் அறுந்து அறுந்து வருகிறதா? பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓர் எண் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. பிரவுசரில் அதை அடித்து உள்ளே போனால், ஆப்டிகல் பவர் என்ற இடத்தில் மைனஸ் போட்டு ஓர் எண் தெரியும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு ஊசலாடுகிறது என்று பொருள். இந்தக் கணக்கில் மூன்று குறைந்தாலே வந்துசேரும் வெளிச்சம் பாதியாகிவிடும். கிளை விழுந்து அறுந்த கேபிளை ஸ்பிளைசிங் மெஷின் வைத்து உருக்கி ஒட்டினால் இழப்பு ஏறக்குறைய இல்லை. அவசரத்துக்கு இரண்டு நுனியையும் ஒரு கிளிப்பில் சொருகிவிட்டுப் போனால், ஈரம் ஏறி எண் இறங்கிக்கொண்டே வரும். "பவர் மைனஸ் 26 காட்டுதுங்க, ஜாயிண்ட்டை மறுபடி ஸ்பிளைஸ் பண்ணிக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "நெட்டு ஸ்லோ" என்ற புகாருக்கு வராத ஆள் இதற்கு வருவார்.

கூரை மாறியது, சிக்னல் போனது

மலையில் பழைய வீடு என்றால் மண் சுவர், புல் வேய்ந்த கூரை. இப்போது அரசுத் திட்டங்களில் கான்கிரீட் வீடுகள் வந்துவிட்டன, வசதிப்படாதவர்கள் தகரம் போட்டுக்கொள்கிறார்கள். மழைக்கு நல்லது, பாம்புக்கு நல்லது. ரேடியோ அலைக்கு மட்டும் கெட்டது. காய்ந்த புல் கூரையைச் சிக்னல் சுலபமாகக் கடக்கும். தகரம் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தாத்தா காலத்துக் குடிசையில் எடுத்த டவர் பேரனின் தார்ஸ் வீட்டில் எடுக்காததன் ரகசியம் இவ்வளவுதான்.

இதே கணக்கு வைஃபை பெட்டிக்கும் பொருந்தும். பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பத்தில் எட்டு பேர் டிவிக்குப் பின்னால் என்பார்கள். மிச்சம் இருப்பவர்கள் பீரோ மேல், பீரோவை ஒட்டினாற்போல். டிவியின் பின்பக்கமும் இரும்பு, பீரோவும் இரும்பு. கேபிள்காரர் ஒயரை விட்ட இடத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் போவார். அவருக்கு ஒயர் மிச்சம். கூட ஐந்து மீட்டர் ஒயருக்குக் காசு கொடுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த பலகையில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டு இணையத்தில் இதைவிட லாபமான செலவு கிடையாது.

ஆன்டெனா கொம்புகளை ஆளுக்கொரு பக்கம் நட்சத்திரமாக விரித்துவைப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. நேராக நிற்கும் ஒரு கொம்பிலிருந்து அலை மெதுவடை வடிவத்தில் பரவும்: பக்கவாட்டில் நிறைய, மேலும் கீழும் நடுவில் ஓட்டை. ஒரே தளத்து வீட்டில் கொம்பு செங்குத்தாக நின்றாலே போதும்.

இங்கே ஒரு விஷயத்தில் யூடியூப் யோசனைகளிலிருந்து மாறுபட வேண்டியிருக்கிறது. '2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிடு, 5-க்கு மாறு' என்பது எல்லோரும் சொல்லும் மந்திரம். சென்னையில் ஓர் அடுக்ககத்தில் அது சரி. சுற்றிலும் முப்பது வீட்டு வைஃபை ஒரே அலைவரிசையில் கூச்சல் போடும். ஒன்றோடொன்று மோதாத சேனல் என்றால் 2.4-ல் 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். நெல்லிவாசல்நாடு மாதிரி இடத்தில் பக்கத்து வீட்டு வைஃபையே உங்கள் வீட்டுக்கு எட்டாது. காற்று காலி. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கடக்கும், திண்ணைக்கு வரும், மாட்டுக்கொட்டகை வரை போகும்; பழைய போன்களுக்கும் புரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டி இருக்கும் அறைக்கு மட்டும் ராஜா. ஆகவே இரண்டையும் வேறு வேறு பெயரில் விட்டுவைத்து, பெட்டி அருகில் இருந்தால் ஐந்து, தள்ளிப் போனால் 2.4 என்று வைத்துக்கொள்வதே மலை வீட்டுக்கு உத்தமம்.

தூரத்து அறைக்கு 'ரிப்பீட்டர்' வாங்குவதைவிட லேன் ஒயர் இழுத்து இரண்டாவது பெட்டி வைப்பது நல்லது. ரிப்பீட்டர் கேட்டதை மறுபடி சொல்லும் நேரத்தில் புதிதாகக் கேட்க முடியாது, அதனால் சாதாரண ரகத்தில் வேகம் பாதியாகும். செம்பு லேன் ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வெட்டவெளியில் அதை இழுக்காதீர்கள். சித்திரை வைகாசி இடியும் ஐப்பசி இடியும் அந்த ஒயரைத் தேடி வரும்.

கேபிள் எட்டாத வீடு

ஃபைபர் வராத குக்கிராமத்தில் சிம் போட்ட பெட்டிதான் வழி. 2023-லிருந்து ஜியோவும் ஏர்டெல்லும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் காற்று வழி வீட்டு இணைப்பு கொடுக்கின்றன; 5ஜி எடுக்கும் இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். 4ஜி மட்டும் எடுக்கும் இடத்தில் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது போன் கம்பெனியின் தாராள மனதைப் பொறுத்தது. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்று, சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஓர் எண். மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 115-ஐத் தாண்டினால் அந்த இடத்தில் பெட்டி வைப்பது வீண். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி, கூரை மேல், முருங்கை மரத்துப் பக்கம் என்று நடந்து பாருங்கள். இரண்டு மீட்டர் ஏறினால், ஒரு மூலை திரும்பினால், எண் பத்து மாறும். பத்து மாறுவது என்றால் சிக்னல் பத்து மடங்கு மாறுவது. எல்லாக் கம்பெனி சிம்மையும் இப்படிச் சோதிக்க வேண்டும்; பக்கத்து ஊரில் எடுப்பது உங்கள் ஊரில் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் ஒரு மேடு நின்றால் கதை முடிந்தது.

மேட்டைச் சுற்றி வளைந்து வருவதில் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கெட்டி. 1800, 2300 போன்றவை வேகமாகச் சுமக்கும், ஆனால் நேர்பார்வை கேட்கும். ஈர இலை மறைத்தால்கூடச் சுணங்கும். மழைக்காலத்தில் காடு தழைத்ததும் சிக்னல் குறைகிறது என்று மலைக்காரர்கள் சொல்வது கற்பனை இல்லை.

நல்ல இடம் கண்டுபிடித்த பிறகு, வெளியில் மாட்டும் ரகப் பெட்டியாக வாங்கிக் கம்பத்தில் ஏற்றி, அங்கிருந்து லேன் ஒயரை வீட்டுக்குள் இறக்குவதுதான் சரியான முறை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆன்டெனாவை மட்டும் மேலே ஏற்றி, மெல்லிய ஆன்டெனா ஒயரைப் பத்து மீட்டர் கீழே இழுத்து, வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் மாட்டுகிறார்கள். மேலே பிடித்ததில் பெரும்பகுதி அந்த ஒயரிலேயே தீர்ந்துபோகும்.

இன்னும் சிலர் ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் 'சிக்னல் பூஸ்டர்' வாங்கி மாட்டுகிறார்கள். அனுமதி இல்லாத பூஸ்டர் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே உரிமம் இல்லாத ரேடியோ கருவிக்குத் தடை உண்டு. தொலைத்தொடர்புத் துறை அவ்வப்போது தேடிப் பிடித்துப் பறிமுதல் செய்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கருவி டவரின் காதில் இரைச்சலை ஊற்றி ஊர் முழுக்க எல்லோருக்கும் சிக்னலைக் கெடுக்கும். ஒரு வீட்டுக்கு நல்லது செய்ய நாற்பது வீட்டைக் கெடுக்கும் பொருள் அது.

சாட்டிலைட்? பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது; ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் அரை வினாடி ஓடிவிடும், பேச்சு தடுக்கும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தொல்லை இல்லை. 2025-ல் அதற்கு இந்தியாவில் உரிமம் கிடைத்தது. சாமை விற்றுக் கட்டும் விலையில் அது வருமா என்பது வேறு பேச்சு.

ஏன் சுத்துது?

வீட்டில் ஒருவர் வீடியோ காலில் இருக்கிறார். இன்னொருவர் கல்யாணப் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். உடனே வீடியோ உறைந்துவிடுகிறது. வேகச் சோதனையில் பார்த்தால் 20 காட்டும். பிறகு ஏன்?

மேலே போகும் பாதை குறுகல். பல இணைப்புகளில், முக்கியமாக 4ஜியில், டவுன்லோடு வேகத்தில் ஒரு சிறு பங்குதான் அப்லோடு. போட்டோக்கள் மொத்தமாக அந்தப் பாதையில் நுழைந்ததும் பெட்டி அவற்றை வரிசையில் நிறுத்துகிறது. வரிசை நீளமாக நீளமாக, வீடியோ காலின் சின்னச் சின்னப் பொட்டலங்கள் கடைசியில் போய் நிற்கின்றன. வல்லுநர்கள் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்து 2010 வாக்கிலிருந்து இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது: நல்ல பெட்டிகளில் எஸ்க்யூஎம் அல்லது ஸ்மார்ட் க்யூ என்ற வசதி இருக்கும். அதை இயக்கி, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை உச்சவரம்பாகக் கொடுத்துவிட்டால் வரிசையைப் பெட்டி தானே ஒழுங்குபடுத்தும். வேகத்தில் பத்துப் பங்கில் ஒன்றை விட்டுக்கொடுத்து நிதானத்தை வாங்கும் பேரம் இது. மலை இணைப்புக்கு மிகவும் தேவையானது.

அந்த வசதி இல்லாத பெட்டி என்றால், போன்களில் போட்டோ தானாகக் கூகுளுக்குப் போகும் பேக்கப்பை நிறுத்திவைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு இயக்கினாலே பாதி நோய் தீரும். ஆப் அப்டேட்டுகளும் விடிகாலைக்கு.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதிலும் கொஞ்சம் தெளிவு தேவை. தெளிவான எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. வீடியோ வகுப்புக்கு அதில் பாதி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நிலையாக வரும் 30 தாராளம். ஆர்ப்பாட்டமாக விளம்பரம் செய்யப்படும் 300 எம்பிபிஎஸ், டிவிக்குப் பின்னால் கிடக்கும் பெட்டியிலிருந்து சமையலறைக்கு வரும்போது 8 ஆகத்தான் இருக்கும்.

கரண்ட் போனால்

மலையில் காற்றடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் பெட்டி அணையும். ஃபைபரில் ஒரு நல்ல குணம்: ஊராட்சிக் கட்டடத்து அலமாரியிலிருந்து வீடு வரை நடுவில் எங்கும் மின்சாரம் தேவையில்லை. இரண்டு முனையிலும் இருந்தால் போதும். வீட்டு முனைக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டால், 10 வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வாங்கும்போது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருபத்து நாலு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 7 யூனிட்தான். ராத்திரி அணைத்துவைப்பதில் பெரிய மிச்சம் இல்லை. இடி இடிக்கும்போது மட்டும் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைப்பது போதாது.

மறுமுனை, அதாவது அந்த இரும்பு அலமாரியும் டவரும், வீட்டுக்காரர் கையில் இல்லை. அங்கே பேட்டரி செத்துக் கிடந்தால் உங்கள் யுபிஎஸ் வெறும் அலங்காரம்.

தாளைக் கிராம சபைக்கு எடுத்துப் போங்கள்

வீட்டுக்காரரால் ஆவதைச் சொல்லியாயிற்று. மற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். மொபைல் கம்பெனிகள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024-ல் விதி செய்திருக்கிறது. உங்கள் ஊர் அதில் வண்ணம் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் சிக்னல் இருந்து பாறையில் மட்டும் எடுக்கிறது என்றால், அதுவே புகாருக்கு ஆதாரம். பழங்குடிக் கிராமங்களுக்காக 2024 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தொடங்கிய 'தர்தி ஆபா' திட்டத்தில் செல்போன் இணைப்பும் ஒரு பகுதி. கேட்க வாசல் இருக்கிறது.

"எங்க ஊருக்கு டவர் வேணும்" என்று வெறுமனே எழுதிய மனுக்கள் அலுவலகங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். எந்தக் குக்கிராமத்தில், எந்தக் கம்பெனிக்கு, எத்தனை மணிக்கு, ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு, வேகம் எவ்வளவு, கரண்ட் போன எத்தனை மணி நேரத்தில் டவர் அணைந்தது என்று எழுதிய ஒரு பக்கத் தாளை அப்படித் தள்ளிவைப்பது கஷ்டம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதை எழுதிவிடுவார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. அடுத்து வருவதில் அந்தத் தாளை வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.